2288 என்ற எண் எங்கிருந்து வந்தது?

நான் சிங்கப்பூரில் தனி ஆளாக மென்பொருள் வேலை எடுத்துச் செய்கிறவன். 2023 கடைசியில் கையெழுத்திட்ட ஒரு வேலையில் ஒன்பது வாரம் காசில்லாமல் உழைத்தேன், 4,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) கையை விட்டுப் போனது. அதைவிடப் பெரிய வருத்தம், 118 பேருடைய ஓவர்டைம் காசு இரண்டு மாதம் குறைந்துபோக நான் காரணமாக இருந்தேன். நிரலில் ஒரு பிழையும் இல்லை. மென்பொருள் என்னென்ன செய்ய வேண்டும் என்று கையில் தந்த தேவைப் பட்டியலில் என்ன எழுதியிருந்ததோ அதை நிரல் அப்படியே செய்தது. அந்தப் பட்டியலில் இருந்த இரண்டு வரிகள் எங்கிருந்து வந்தன, யார் சொல்லி வந்தன என்று நான் பின்னால் போய்ப் பார்க்கவில்லை, அவ்வளவுதான். அப்போது யாராவது ஒருவர் எனக்கு இதைச் சொல்லியிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும் என்று பல ராத்திரி நினைத்திருக்கிறேன். அதனால் நடந்ததை நடந்த மாதிரியே எழுதுகிறேன்.

வேலை இதுதான். துவாஸில் சரக்குக் கிடங்கு நடத்தும் ஒரு நிறுவனம். அலுவலகத்தில் 42 பேர், கிடங்கிலும் லாரியிலும் 118 பேர். பழைய சம்பளக் கணக்கு மென்பொருளைத் தூக்கிவிட்டுப் புதிதாக ஒன்று செய்ய வேண்டும். எனக்கு முன்னால் வேறொரு நிறுவனம் அந்த வேலையை எடுத்து, தேவைகளை எல்லாம் எழுதி முடித்துவிட்டு, பாதியில் விலகிக்கொண்டது. மொத்தம் 42,000 வெள்ளி, மூன்று தவணை. கையில் கிடைத்தது ஒரு தம்ப் டிரைவ், அதில் 'பதிப்பு 2.3' என்று போட்ட ஒரு வேர்ட் ஆவணம், 312 வரி உள்ள ஒரு எக்செல் பட்டியல். ஒவ்வொரு வரிக்கும் எண், விளக்கம், முக்கியத்துவம், கடைசியில் 'மூலம்' என்று ஒரு நெடுவரிசை. அந்த நெடுவரிசையில் பாதிக்கு மேல் 'வாடிக்கையாளர்' என்று இருந்தது, மீதி காலி. எனக்கு அது உறுத்தவே இல்லை என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். 312 வரி அழகாக எழுதிக் கிடைத்துவிட்டதே, ஒரு மாத வேலை மிச்சம் என்றுதான் சந்தோஷப்பட்டேன்.

முதல் வாரத்திலேயே ஒரு தப்பைக் கண்டுபிடித்தேன். மத்திய சேம நிதி (சிபிஎஃப்) என்பது ஊழியரும் முதலாளியும் மாதாமாதம் சேர்ந்து கட்டும் சேமிப்பு. அதற்கான சாதாரணச் சம்பள உச்சவரம்பு, அதாவது மாதச் சம்பளத்தில் எந்தத் தொகை வரைக்கும் சந்தா கணக்கிட வேண்டும் என்பது, 6,000 வெள்ளி என்று பட்டியல் சொன்னது. 2023 வரவுசெலவுத் திட்டத்தில் அதைப் படிப்படியாக ஏற்றப்போவதாக அறிவித்திருந்தார்கள்: 2023 செப்டம்பரில் 6,300, 2024 ஜனவரியில் 6,800, 2025-ல் 7,400, 2026-ல் 8,000. செய்தியில் பார்த்தது ஞாபகம் இருந்ததால் திருத்திவிட்டேன். இது நல்லதுக்குப் பதில் கெட்டதைத்தான் செய்தது. பழைய விஷயங்களை நான் சரிபார்த்துவிட்டேன் என்ற நம்பிக்கை எனக்கு வந்துவிட்டது. செய்தியில் வந்த ஒன்றைத்தான் நான் பிடித்திருக்கிறேன், செய்தியில் வராத 311 வரி அப்படியே இருக்கிறது என்று அப்போது தோன்றவில்லை.

143-ஆம் வரி: 'சேம நிதியில் ஊழியர் பங்கில் முழு வெள்ளிக்கு மேல் வரும் காசைக் கணக்கில் சேர்க்காமல் விட்டுவிட வேண்டும்.' மூலம் காலி. படித்ததும், பழைய மென்பொருளில் யாரோ சரியாக முழுமையாக்கத் தெரியாமல் செய்த வேலை, அதையே தேவை என்று எழுதிவிட்டார்கள் என்று முடிவு கட்டினேன். மனிதவளப் பிரிவில் இருந்த பெண்ணிடம் கேட்டேன். அவர் சேர்ந்து ஐந்து மாதம்தான் ஆகியிருந்தது. "தெரியலையே, உங்களுக்கு விசித்திரமா இருந்தா எடுத்துடுங்க" என்றார். எடுத்துவிட்டேன். 50 காசும் அதற்கு மேலும் வந்தால் அடுத்த வெள்ளி, குறைந்தால் கீழே என்று பள்ளிக்கூடத்தில் படித்த மாதிரி வைத்தேன். பழைய மென்பொருளையும் புதியதையும் ஒரு மாதம் சேர்த்து ஓட்டிப் பார்த்தபோது சிலருக்கு ஒரு வெள்ளி வித்தியாசம் வந்தது. 'முழுமையாக்கல் வித்தியாசம்' என்று குறிப்பில் எழுதி அதையும் மூடினேன்.

87-ஆம் வரி இன்னும் மோசம். 'ஒரு மணி நேரச் சம்பளம் = மாத அடிப்படைச் சம்பளம் ÷ 26 ÷ 8. ஓவர்டைம் அதைப் போல் ஒன்றரை மடங்கு.' மூலம்: வாடிக்கையாளர். மாதத்தில் நாலு ஞாயிறு போனால் மீதி 26 நாள், நாளுக்கு எட்டு மணி நேரம். பார்த்தவுடன் சரி என்று தோன்றும் கணக்கு. பழைய மென்பொருள் ஓவர்டைமைக் கணக்கிடவே இல்லை. அங்கே வேலை பார்த்த ஒரு ஆன்ட்டி தனியாக எக்செலில் போட்டு, தொகையை மட்டும் தட்டிவிடுவார். அதனால் சேர்த்து ஓட்டிப் பார்த்ததில் ஓவர்டைம் ஒப்பிடப்படவே இல்லை. அந்த எக்செல் தம்ப் டிரைவில் இருந்தது. நான் திறந்தும் பார்த்தேன். அதில் ஒரு கட்டத்துக்குள் C7*12/2288*1.5 என்று இருந்தது. 2288 என்னவென்று புரியவில்லை. ஆன்ட்டி 2022-லேயே ஓய்வு பெற்றுவிட்டார், கேட்க ஆளில்லை என்று நானே நினைத்துக்கொண்டு, எழுதிக் கையெழுத்தான ஆவணம்தானே பெரிது என்று 26-க்கே போனேன்.

2024 பிப்ரவரிச் சம்பளத்திலிருந்து புதிய மென்பொருள் ஓடியது. ஏப்ரல் நடுவில் ஒரு சனிக்கிழமை, வேறு ஒரு சின்ன வேலைக்காகக் கிடங்குக்குப் போயிருந்தேன். சாப்பாட்டு அறையில் ஒரு தொழிலாளி, புதுக்கோட்டைப் பக்கம், என்னிடம் வந்து, "அண்ணே, நீங்கதானே அந்த சிஸ்டம் போட்டது? கோபப்படாதீங்க, ஒண்ணு கேக்கணும்" என்றார். நாலாக மடித்த சம்பளச் சீட்டை மேசையில் விரித்து, பக்கத்தில் கைப்பேசியை வைத்தார். மனிதவள அமைச்சின் இணையத்தளத்தில் ஓவர்டைம் கணக்கிடும் பகுதி திறந்திருந்தது. அடிப்படைச் சம்பளம் 2,000 வெள்ளி. சீட்டில் ஓவர்டைம் மணிக்கு 14.42. கைப்பேசியில் 15.73. அந்த மாதம் அவர் 60 மணி நேரம் ஓவர்டைம் பார்த்திருந்தார். கிட்டத்தட்ட 79 வெள்ளி. "ரெண்டு மாசமா இப்படித்தான் வருது. கேட்டா மேல போயிடுமோன்னு பயந்துட்டு இருந்தேன்" என்றார். சீட்டின் ஓரத்தில் பேனாவால் ஒவ்வொரு நாளும் எத்தனை மணி நேரம் என்று சின்னச் சின்ன எழுத்தில் கூட்டி வைத்திருந்தார். எனக்கு வாயில் வார்த்தை வரவில்லை. பூன் லேயில் எம்ஆர்டி ஏறி வீடு வந்து சேரும்வரை அந்தப் பேனாக் கணக்குதான் கண்ணில் நின்றது.

அன்றிரவே அமைச்சின் பக்கத்தைப் படித்தேன். மணி நேரச் சம்பளம் என்பது மாத அடிப்படைச் சம்பளத்தைப் பன்னிரண்டால் பெருக்கி, 52 வாரத்தையும் 44 மணி நேரத்தையும் பெருக்கி வருவதால் வகுத்தது. ஐந்து நிமிட வேலை. சேம நிதி வாரியத்தின் பக்கமும் ஐந்து நிமிடம்தான்: மொத்தச் சந்தா அருகிலுள்ள வெள்ளிக்கு முழுமையாக்கப்படும், ஊழியர் பங்கில் காசு விடப்படும், மொத்தத்தில் ஊழியர் பங்கு போக மீதிதான் முதலாளி பங்கு. 55 வயதும் அதற்குக் கீழும் உள்ள ஒருவருக்கு அந்த மாதம் 1,853 வெள்ளி வந்தால், 37 விழுக்காடு 685.61, அது 686. ஊழியரின் 20 விழுக்காடு 370.60, அதில் காசு போனால் 370. முதலாளி 316. நான் செய்ததில் ஊழியரிடம் 371 பிடித்து முதலாளிக்கு 315 வைத்திருந்தேன். மொத்தம் இரண்டிலும் 686 என்பதால் வாரியத்துக்குப் போன தொகையில் ஒரு காசு மாறவில்லை, எந்தச் சோதனையிலும் சிக்கவில்லை. தொழிலாளியின் கைக்கு வருவதில் மட்டும் ஒரு வெள்ளி குறைந்தது. மொத்தத்தை மட்டும் ஒப்பிட்டுவிட்டு 'சரி' என்று எழுதாதீர்கள். யார் பையிலிருந்து போகிறது என்று தனித்தனியாகப் பாருங்கள்.

திங்கட்கிழமை காலையில் நானே போய்ச் சொன்னேன். ஓவர்டைம் காசை, அந்தச் சம்பளக் காலம் முடிந்த 14 நாளுக்குள் கொடுத்தாக வேண்டும் என்பது சட்டம். பிப்ரவரி பாக்கிக்கு அந்த நாள் எப்போதோ கடந்துவிட்டது. நிதி மேலாளர் சத்தம் போடவில்லை, அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது. மொத்தப் பாக்கி 15,000 வெள்ளிக்கு மேல். அவர்கள் அதை உடனே கொடுத்துவிட்டார்கள், ஆனால் என்னுடைய கடைசித் தவணை 14,000-ஐ நிறுத்தி வைத்தார்கள். 312 வரியும் எங்கிருந்து வந்தது என்று காட்டினால்தான் பணம் என்றார்கள். நியாயம்தான். வேறு வேலை எதுவும் எடுக்க முடியாமல் ஒன்பது வாரம் அதில் போனது.

எங்கே தேடினேன் என்பதைத்தான் விரிவாகச் சொல்ல நினைக்கிறேன், ஏனென்றால் இதை யாரும் சொல்லித் தருவதில்லை. முதலில் கையில் இருந்த ஆவணத்தின் திருத்த வரலாற்றைப் பார்த்தேன். 'வாடிக்கையாளர் கருத்துப்படி மாற்றப்பட்டது' என்று நாலு இடத்தில் இருந்தது, அதனால் ஒரு பயனும் இல்லை. அப்புறம் பழைய பதிப்புகளைக் கேட்டேன். கடைசிப் பதிப்பு என்பது எல்லாத் தடயமும் துடைத்த பிறகு வருவது, முந்தியவற்றில்தான் விஷயம் இருக்கும். நிதி மேலாளரின் பழைய மின்னஞ்சலில் 2021-இல் வந்த 'பதிப்பு 1.4' கிடைத்தது. அதன் எக்செலில் மறைத்து வைத்த நெடுவரிசைகளை விரித்துப் பார்த்தேன். 'சொக்சோ' என்று ஒன்று, 'ஈபிஎஃப்' என்று ஒன்று, இரண்டும் மலேசியாவில் ஊழியர்களுக்காகக் கட்டும் நிதிகள். ஓர் அடிக்குறிப்பில் தொகை ரிங்கிட்டில் இருந்தது. உடம்பெல்லாம் சூடாகிவிட்டது. இந்த நிறுவனத்துக்குப் பாலத்துக்கு அந்தப் பக்கம், மலேசியாவின் ஜோகூரிலும் ஒரு கிடங்கு இருக்கிறது. அங்கே எழுதிய ஆவணத்தை அப்படியே எடுத்து, சேம நிதிப் பகுதியை மட்டும் மாற்றி, மீதியை விட்டுவிட்டிருக்கிறார்கள். மலேசியச் சட்டத்தில் மாதச் சம்பளக்காரரின் ஒரு நாள் சம்பளம் என்பது மாதச் சம்பளத்தை 26-ஆல் வகுப்பது. அங்கே அது சரி. பாலம் தாண்டி வந்தால் தப்பு. 'வாடிக்கையாளர்' என்று எழுதியதும் பொய் இல்லை, வாடிக்கையாளரின் வேறு நாட்டுக் கிளை.

அதனால் ஓர் ஆவணத்தைக் கையில் வாங்கியதும் கோப்பின் பண்புகளைத் திறந்து யார் உருவாக்கியது, என்றைக்கு, என்ன தலைப்பு என்று பாருங்கள். மறைந்த நெடுவரிசை, மறைந்த தாள், நீக்காமல் விட்ட கருத்துக் குறிப்பு எல்லாவற்றையும் விரியுங்கள். அந்த ஆவணத்துக்குப் பொருந்தாத ஒரு சொல், ஒரு நாணயம், ஒரு விடுமுறை நாள் கண்ணில் பட்டால் அங்கேயே நின்றுவிடுங்கள். பிறகு ஆவணத்தை விட்டு அதற்கு முந்தியவற்றுக்குப் போங்கள்: விலைப்புள்ளி, ஒப்பந்தம், கூட்டக் குறிப்புகள், மாற்றக் கோரிக்கைகள், பயனீட்டாளர் சோதனையில் கையெழுத்திட்ட தாள்கள். பழைய நிரல் கிடைத்தால் அதில் உள்ள கருத்து வரிகளும் ஆவணம்தான். 1994-லேயே கோட்டல், ஃபிங்கல்ஸ்டீன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் இதைப் பிரித்துச் சொன்னார்கள்: தேவை எழுதப்பட்ட பிறகு அது நிரலிலும் சோதனையிலும் எங்கே போனது என்பது ஒரு தடம், எழுதப்படுவதற்கு முன் எங்கிருந்து வந்தது என்பது இன்னொரு தடம். முதல் தடத்தை நான் ஒழுங்காக வைத்திருந்தேன். ஒவ்வொரு வரிக்கும் சோதனை எண் இருந்தது. தப்பான கணக்கு தப்பாமல் நடக்கிறது என்று அந்தச் சோதனைகள் எல்லாம் தேறின.

எழுத்தில் இல்லாததற்கு ஆளைத் தேட வேண்டும். ஆன்ட்டியின் எண் மனிதவளப் பிரிவிலேயே இருந்தது, நான்தான் கேட்கவில்லை. தேக்கா உணவங்காடியில் சந்தித்தோம். எக்செலை அச்செடுத்துக் கொண்டு போய் 2288-ஐச் சுற்றி வட்டம் போட்டுக் காட்டினேன். தேத்தண்ணிக் குவளையைத் தள்ளி வைத்துவிட்டு, "தம்பி, வருஷத்துக்கு 52 வாரம், வாரத்துக்கு 44 மணி. பெருக்கிப் பாருங்க" என்றார். கைப்பேசியில் பெருக்கினேன். 2288. "எனக்கு யாராவது ஒரு போன் போட்டிருந்தா சொல்லியிருப்பேனே" என்று மெதுவாகச் சொன்னார். அதில் குற்றச்சாட்டு இல்லை, வருத்தம்தான் இருந்தது. பத்தொன்பது வருடம் அந்தக் கணக்கைத் தன் கையால் போட்டவர். கிளம்பும்போதுதான், "சாமான் அறையில மேல் தட்டுல ஒரு ஆரஞ்சு ஃபைல் இருக்கும், ஏ4 பெட்டிக்குப் பின்னால. தூக்கிப் போடாம இருந்தா பாருங்க" என்றார்.

இருந்தது. அட்டையின் உள்பக்கத்தில் பென்சிலில் '52x44' என்று அவர் எழுதியதும் இருந்தது. உள்ளே 2016 மார்ச் மாதக் கூட்டக் குறிப்பு ஒன்று. அந்த வருடம் ஏப்ரல் 1 முதல் விவரமான சம்பளச் சீட்டு கட்டாயம் என்று சட்டம் வந்ததால், சீட்டில் என்னென்ன வர வேண்டும் என்று பேசியிருக்கிறார்கள். பட்டியலில் 201-ஆம் வரி, 'ஓவர்டைம் காலத்தின் தொடக்கத் தேதியும் முடிவுத் தேதியும் தனியாக அச்சாக வேண்டும்', அங்கிருந்து வந்திருக்கிறது. சம்பளக் காலமும் ஓவர்டைம் காலமும் வேறாக இருந்தால் அது சட்டப்படி வேண்டியது. இடம் போதவில்லை என்று அடுத்த பதிப்பில் அந்த வரியை எடுக்க நான் திட்டம் போட்டிருந்தேன். நினைத்தாலே இப்போதும் பகீரென்கிறது. அதே ஃபைலில் இன்னொரு தாளில் 12-ஆம் தேதிக்குள் சேம நிதி அறிக்கை தயாராக வேண்டும் என்பதற்கான காரணமும் இருந்தது. சந்தா கட்ட அடுத்த மாதம் 14 வரை அவகாசம் உண்டு, இரண்டு நாள் முன்னதாக முடிப்பது ஆன்ட்டியின் முன்னெச்சரிக்கை. ஒன்று சட்டம், ஒன்று ஒரு மனிதரின் பழக்கம். பட்டியலில் இரண்டும் 'கட்டாயம்' என்று ஒரே மாதிரிதான் இருந்தன.

அதிலிருந்து நான் மூல நெடுவரிசையை ஐந்தாகப் பிரித்துவிட்டேன், இன்றுவரை அப்படித்தான். வகை: சட்டமா, ஒப்பந்தமா, நிறுவன விதியா, ஒருவரின் விருப்பமா, பழைய மென்பொருள் அப்படிச் செய்ததாலா. அடுத்தது ஆவணத்தின் பெயர், பதிப்பு, தேதி, பத்தி எண். அடுத்தது சொன்னவர், என்றைக்கு. அடுத்தது எந்தத் தேதியிலிருந்து செல்லும். உச்சவரம்பு மாதிரி வருடா வருடம் மாறுகிறவற்றுக்கு இது உயிர். கடைசியாக, இதை மாற்ற யார் சம்மதிக்க வேண்டும். 'வாடிக்கையாளர்' என்ற சொல்லை அந்த நெடுவரிசையில் எழுதுவதையே விட்டுவிட்டேன். சட்டம் என்றால் ஆவணம் சொல்வதை நம்பாமல் அமைச்சின் பக்கத்தையோ வாரியத்தின் பக்கத்தையோ நானே திறந்து, பார்த்த தேதியையும் எழுதுகிறேன். மூலம் தெரியாத வரியை நானாக எடுப்பதும் இல்லை, நானாக வைப்பதும் இல்லை. 'தெரியவில்லை' என்று எழுதி, வாடிக்கையாளர் பக்கம் ஒருவரின் கையெழுத்தை வாங்கிக்கொள்கிறேன். நிலையான விலைக்கு வேலை எடுக்கிறவர்களுக்கு ஒன்று: இந்தத் தேடலுக்கு இரண்டு வாரமாவது விலையில் சேர்த்துவிடுங்கள், முதல் தவணையிலேயே. வேலை முடிந்த பிறகு தேடினால் அது உங்கள் செலவு.

ஆகஸ்டில் 4,000 கழித்துக்கொண்டு 10,000 வெள்ளி கொடுத்தார்கள். 312-இல் ஒன்பது வரிக்கு மட்டும் ஜூன் வரை மூலம் கிடைக்கவில்லை. அதில் ஒன்று, இரவு ஷிஃப்ட் ஆட்களின் சம்பளச் சீட்டு மஞ்சள் தாளில் அச்சாக வேண்டும் என்பது. எடுத்துவிடலாம் என்றே எல்லாரும் சொன்னார்கள். ஆன்ட்டிக்கு ஒரு போன் போட்டேன். "இரவு ஆளுங்க காலையில ஏழு மணிக்கு காவலர் அறையிலதான் சீட்டு வாங்குவாங்க தம்பி. காவலர் மாறிக்கிட்டே இருப்பார், ரெண்டு கட்டும் கலந்துடும். கலர் பார்த்துக் கொடுத்துடுவார்" என்றார். காலை ஏழு மணிக்கு ஒரு நாள் போய்ப் பார்த்தேன், இன்னமும் அப்படித்தான் நடக்கிறது. மூலத்தில் எழுதினேன்: 'நிறுவனப் பழக்கம். முன்னாள் சம்பளக் கணக்காளர், தொலைபேசியில், 2024 ஜூன் 11. காவலர் அறையில் நேரில் பார்த்தது, ஜூன் 13. மாற்றுவதாக இருந்தால் முதலில் இரவு ஷிஃப்ட் மேற்பார்வையாளரைக் கேட்க வேண்டும்.' மீதி எட்டு வரிக்கும் நிதி மேலாளர் கையெழுத்திட்டிருக்கிறார். அந்தத் தாளும் ஆரஞ்சு ஃபைலில்தான் இருக்கிறது.